ஆள் துவைத்தால் வரி

காயாத துணி கூரை வரை தொங்கிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில்தான் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்தது. வாரக்கணக்காக வெயில் தலைகாட்டவில்லை. லாண்டரிக்குள் நுழைகிறவர்கள் ஈரப் போர்வைகளை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டுதான் மேசைக்குப் போக வேண்டும். சோப்பு வாசனையும் கரி வாசனையும் ஈரத் துணியின் முடைநாற்றமும் கலந்த ஒரு வெக்கை எப்போதும் வாசல்வரை வந்து நிற்கும்.

கடை தெருத் திருப்பத்தில் இருந்தது. முன்பக்கம் துணி வாங்கும் மேசை, அதை ஒட்டி இஸ்திரிப் பலகை. நடுவில் கொதிகலனும் தொட்டிகளும். பின்னால் சமையலறை. மாடியில் படுக்கையறைகள். கடையையும் வீட்டையும் பிரித்தது ஒரு திரைச்சீலை மட்டுமே. வீட்டுச் சண்டை வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும். வாடிக்கையாளர் புலம்பல் அடுப்படிக்குக் கேட்கும். தெருவில் இருந்த எங்களுக்கு இரண்டும் கேட்கும்.

கடைக்காரிக்கு நீராவி என்று பட்டப்பெயர். கொதிகலனோடு மல்லுக்கட்டுகிறவள் என்பதால் வந்ததா, மூக்கு நுனியில் கோபம் வைத்திருப்பதால் வந்ததா என்று யாரும் ஆராயவில்லை. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னோம். பிறகு, "நீராவி அக்கா, என் சட்டை ஆச்சா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்கத் தொடங்கினோம். அவளும் திரும்பிப் பார்த்தாள். அவள் புருஷனுக்கு மடிப்பு என்று பெயர். அவர் தேய்த்துக் கொடுத்த காற்சட்டையின் மடிப்பு, உட்கார்ந்து எழுந்து பஸ்ஸில் நசுங்கி வேலை முடிந்து வரும்வரை கலையாது.

ஆனால் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அரசாங்க ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் போய்ப் படுப்பார். ஊசி குத்தும் இடது கையில் பாரம் தூக்கக் கூடாது என்பதால் வலது கையால் மட்டும் தேய்ப்பார். கடை முழுக்கத் தண்ணீர் ஓடும். அவருக்கு நாளெல்லாம் குடிக்க ஒரு சின்னக் குவளைத் தண்ணீர்தான். தாகம் பொறுக்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்வார். கேட்டால், "மிட்டாய்" என்பார்.

அன்று எதிர்க்கடை முடிவெட்டுகிறவர் கையில் கத்தரிக்கோலோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார். அவருடைய நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நம்மளையும் சேர்த்துட்டாங்க! ரேடியோல இப்பத்தான் சொன்னான்."

"எதுல சேர்த்தாங்க? முதல்ல கத்தரிக்கோலைக் கீழ வை. துணி கிழிஞ்சுடப்போகுது."

"விற்பனை வரியில! கஜானா காலியாம். இதுவரைக்கும் பொருள் வாங்கினாத்தானே வரி? இனிமே வேலை செஞ்சு கொடுத்தாலும் வரியாம். துவைக்கிறது, முடி வெட்டுறது, செருப்பு தைக்கிறது, கடிகாரம் ரிப்பேர் பண்றது, எல்லாம். நான் முடியை வெட்டிக் குப்பையில போடுறேன். இதுல விற்பனை எங்கேர்ந்து வந்துச்சு?"

நீராவி துடுப்பால் தொட்டியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"அப்ப அந்த முக்குல இருக்கிற காசு மெஷின் கடை?"

"அதுக்கு இல்லையாம். காசு போட்டா மெஷின் தானாத் துவைக்குது, அது சேவை இல்லையாம். ஆள் கை பட்டாத்தான் சேவையாம்."

"ஆள் துவைச்சா வரி. மெஷின் துவைச்சா வரி இல்லை. அப்படித்தானே?"

"அப்படித்தான் சொன்னான்."

இஸ்திரிப் பலகையிலிருந்து மடிப்பின் குரல் வந்தது. "என் பேரை மெஷின்னே எழுதிக் கொடுத்துடு. வாரத்துல மூணு நாள் மெஷினும் நானும் ஒண்ணாத்தானே கிடக்கிறோம்."

முடிவெட்டுகிறவர் சிரித்துவிட்டார். நீராவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் வருகிறவர்கள் பஸ் ஓட்டுநர்கள், காவலாளிகள், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள், ஒற்றை அறையில் கொடி கட்ட இடமில்லாமல் குடியிருக்கிறவர்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே காசு மெஷின் கடையின் வெளிச்சமான கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டேதான் இவள் கடைக்கு வந்தார்கள். விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் போதும், அந்தக் கதவைத் தள்ளிவிடுவார்கள்.

"யாரோ ஓட்டை போட்ட பானைக்கு நம்ம தண்ணி ஊத்தணுமா?" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை மறுபடி எடுத்தாள். தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் நுரை.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸம்மா வந்தாள். மடிப்புக்கு அக்கா. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், மாடியறையில் இருந்தாள். டயாலிசிஸ் பிரிவில்தான் அவளுக்கு வேலை. தம்பிக்கு முதல் ஊசி குத்தியதும் அவள்தான். அன்றைக்குக் கை நடுங்காமல் குத்திவிட்டு, பிறகு கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதாள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

நீராவி உருளைக்கிழங்கை வெட்டி, நெடுநேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்திருந்தாள். அப்படிச் செய்து அதிலுள்ள பொட்டாசியத்தை இறக்கினால்தான் புருஷன் சாப்பிடலாம். உப்பில்லாத சூப், ரொட்டி, அவித்த முட்டையின் வெள்ளை. மஞ்சள் கரு மற்ற இரண்டு பேருக்கும்.

"வரிச் செய்தி கேட்டீங்களா அண்ணி?" என்றாள் நீராவி. "நம்ம கடை மேலேயே கை வைக்கிறாங்க."

நர்ஸம்மா ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் போடவில்லை.

"கேட்டேன். வரட்டும்மா. வந்துதான் ஆகணும்."

"என்ன சொன்னீங்க?"

"இன்னைக்குக் காலையில பெரிய டாக்டர் எங்க எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்த வரி சட்டசபையில நிறைவேறலைன்னா எங்க பிரிவை மூடுறாங்க. நோயாளிங்க எல்லாம் தலைநகருக்குத்தான் போகணும்."

திரைக்கு அந்தப் பக்கம் துணி வாங்க வந்து நின்ற ஒருவர் செருமாமல்கூட நின்றார்.

"அண்ணி, வயித்துல அடிக்கிறதைப் பத்திப் பேசிட்டிருக்கோம்."

"நான் உயிரைப் பத்திப் பேசிட்டிருக்கேன். பஸ்ல தலைநகருக்குப் போய் டயாலிசிஸ் பண்ணிட்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். போறப்ப உட்கார்ந்து போவாங்க. வர்றப்ப சீட்டுல சுருண்டு படுத்து வருவாங்க. வாந்தி எடுத்துக்கிட்டு, கால் இழுத்துக்கிட்டு. கொஞ்ச மாசத்துல போறதையே விட்டுடுவாங்க. விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? உருளைக்கிழங்கை ஊறப்போட்டு ஊறப்போட்டு என் விரல் தோல் உரிஞ்சு கிடக்கு. எனக்கா தெரியாது?"

"அப்ப எதுக்கு எதிர்த்துப் பேசுறே? கடை போனா வேற வேலை பார்த்துக்கலாம். தம்பி போனா?"



"தம்பி இங்கதான் உட்கார்ந்திருக்கான்," என்றார் மடிப்பு. "யாராவது சூப்பை ஊத்துங்க. எனக்குக் கிடைக்கிறதே கொஞ்சம். அதையும் ஆறப்போட்டுட்டுப் பேசுறீங்க."

நீராவி ஊற்றினாள்.

"என்னங்க, நீங்களே சொல்லுங்க. நான் உங்களைச் சாகச் சொல்றேனா?"

"நீ யாரையும் சாகச் சொல்லமாட்டே. திட்டித் திட்டியே உயிரோட வச்சிருப்பே."

"விளையாடாதீங்க. அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன். ஊருக்கு வெளியே அந்தப் பெரிய கிடங்கு இருக்குல்ல? லாரி லாரியாச் சாமான் போகுது. அவங்களுக்கு இனிப் பல வருஷத்துக்கு வரியே கிடையாதுன்னு போன வருஷம் எழுதிக் கொடுத்தாங்க. மேளதாளம்தான் பாக்கி. அங்க ஓட்டை. இங்க வந்து என் தொட்டியில கையை விடுறாங்க. அதைக் கேட்டா உங்க தம்பியைக் கொண்டுவந்து முன்னால நிறுத்துறீங்க. அவரைக் காட்டி என் வாயைக் கட்டாதீங்க. இன்னைக்கு அவரைக் காட்டி வரி கேட்கிறவங்க, நாளைக்கு அவரைக் காட்டி எதை வேணாலும் கேட்பாங்க."

"கிடங்குக்காரன் நியாயம் அநியாயம் எல்லாம் நாளைக்குப் பேசலாம். இவனுக்கு ஊசி நாளைக்குக் காலையில!"

"நாளைக்குப் பேசலாம் நாளைக்குப் பேசலாம்னுதான் எல்லாத்தையும் அவங்க முடிச்சுடுறாங்க!"

நர்ஸம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். மாடிப்படியில் அவள் ஏறிய சத்தம், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஏச்சு மாதிரி கேட்டது.

அதற்குப் பிறகு அவள் கீழே வந்து சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி கேண்டீனில் எதையோ சாப்பிட்டுவிட்டு நேரே மாடிக்குப் போனாள். நீராவியும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மடிப்பு தூதுபோனார். "அக்கா, சோப்புத் தீர்ந்துபோச்சான்னு கேட்கிறா." "அப்படியா, தீரலைன்னு சொல்லு." பக்கத்தில் நின்றுகொண்டே இப்படிப் பேசினார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. ஒருநாள் ஓட்டலுக்கு மேசைவிரிப்புகளைக் கொடுத்துவிட்டுக் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி நீராவி திரும்பி வந்தாள். காசு மெஷின் கடைக் கண்ணாடிக்குள்ளே அண்ணி உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. எதிரே வட்டக் கண்ணாடிக்குள் அவளுடைய வெள்ளைச் சீருடை உருண்டுகொண்டிருந்தது.

நீராவி மழையில் நின்றுவிட்டாள். இருபது வருஷமாக அந்தச் சீருடையைத் தன் கையால் துவைத்தவள். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் எடுக்க வேண்டும், சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துக் கசக்கியவள். உள்ளே இருந்தவள் தலை நிமிர்ந்தாள். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் முகத்தைத் திருப்பியது என்பதில் தெருவில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

வீட்டுக்கு வந்ததும் யாருடையதோ ஒரு போர்வையை எடுத்துப் போட்டு அடி அடியென்று அடித்தாள்.

மடிப்புக்குச் செய்தி வேறு வழியில் எட்டியிருந்தது. அவர் மெதுவாக மாடிக்கு ஏறினார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அக்கா, அந்தச் சீருடையைக் கொடு."

"தரமாட்டேன். அவ கடையில எனக்கு வேலை இல்லை."

"அவ கடைக்கு இல்லை, என் பலகைக்குக் கேட்கிறேன். மெஷின் துவைக்கும். மடிப்பு வைக்குமா? கசங்கின துணியில நீ வார்டுக்கு வந்து நின்னா என் மானம்தானே போகுது?"

அவள் கொடுத்தாள். அவர் தேய்த்துக்கொண்டிருக்கையில் நீராவி வந்து காலரை விரலால் தடவிப் பார்த்தாள். "அலசவே இல்லை. சோப்பு அப்படியே நிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வரி மசோதாவைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் எங்கள் தொகுதி மெம்பர் லாண்டரிக்கே வந்துவிட்டார். குடை பிடிக்க ஓர் ஆள், கதவைப் பிடிக்க ஓர் ஆள். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு இருந்தது. அழுக்குத் துணி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நாளைக்கு நீங்க பேசணும்."

"பேசத்தான் போறேன்."

"வரிக்கு ஆதரவா."

நீராவி இடுப்பில் கையை வைத்தாள்.

"கேளுங்க," என்றார் மெம்பர். "நீங்க கடைக்காரங்க. உங்க வீட்டுக்காரர் நோயாளி. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். என் கடைக்குக் கஷ்டம்தான், ஆனா ஆஸ்பத்திரிக்காக ஏத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும், மத்தவங்க அடங்கிடுவாங்க. நான் பதிலுக்குச் சும்மா விடமாட்டேன். சலவையை மட்டும் அந்தப் பட்டியலிலேர்ந்து எடுக்கச் சொல்லி நானே திருத்தம் கொண்டுவர்றேன்."

இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றது.

"சலவையை மட்டுமா?"

"சலவையை மட்டும்."

"எதிர்க்கடைக்காரர்?"

"எல்லாரையும் எடுத்துட்டா அப்புறம் கஜானாவுக்கு என்ன மிச்சம்?"

"செருப்பு தைக்கிறவர்?"

"அம்மா, நான் உங்களுக்கு நல்லது பண்ண வந்திருக்கேன்."

நீராவி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு. அதோடு கடை பிழைத்தது, ஆஸ்பத்திரியும் பிழைத்தது, புருஷனும் பிழைத்தார். கண்ணில் அந்த ஆசை வந்து நின்றதை மடிப்பு பார்த்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னார். அதில் தப்பும் இல்லை என்றார்.

"உன் இஷ்டம்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. நாளைக்குப் போறப்ப என்னை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போய் மேடையில வைக்காதே. பார்க்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும். எனக்குக் கேவலமா இருக்கும்."

நீராவி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டாள்.

"எழுந்திருங்க," என்றாள் மெம்பரிடம்.

"யோசிச்சு..."

"அந்த மூட்டை ஆஸ்பத்திரிக் கேண்டீன் மூட்டை. நான் துவைக்கணும். எழுந்திருங்க."

அவர் எழுந்தார். அவள் கொதிகலன் குழாயைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று வந்த ஆவியில் குடை பிடிக்கிறவரும் கதவு பிடிக்கிறவரும் ஒருவரையொருவர் தடவிக்கொண்டு வெளியேறினார்கள்.

மறுநாள் கூட்டம் மத்தியானத்தில் வைத்திருந்தார்கள். மடிப்புக்கு அன்றைக்கு டயாலிசிஸ். காலையிலேயே போய்ப் படுத்துவிட்டார். வார்டு ஜன்னலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். கூட்டத்தை நேரடியாக ஒலிபரப்பினார்கள்.

மண்டபம் நிறைந்து, ஈரக் குடைகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. தகரக் கூரையில் மழை கொட்டியதால் மேடையில் பேசுவது பாதிதான் காதில் விழுந்தது. மெம்பரும் நிதித்துறையிலிருந்து வந்தவர்களும் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். முதலில் பேசக் கூப்பிட்டது நர்ஸம்மாவை.

அவள் சீருடையிலேயே வந்திருந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"நான் இந்த வரியைக் கேட்டு வாங்க வந்திருக்கேன். எனக்கு அதுல வெட்கம் இல்லை. எங்க பிரிவுல நாற்காலி எல்லாம் கிழிஞ்சு பிளாஸ்டர் ஒட்டி வச்சிருக்கோம். குழாய் சொட்டினா நாங்களே துணி சுத்துறோம். நோயாளிங்க அதையெல்லாம் பொறுத்துக்கிறாங்க. மூடினா அவங்களால பொறுத்துக்க முடியாது. பொறுக்க அவங்க இருக்கவே மாட்டாங்க. எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தா அது திறந்திருக்கும். அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முடிவெட்டுகிறவரே தட்டிவிட்டு, பிறகு தான் எந்தக் கட்சி என்று நினைவு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து நீராவி. முந்தின நாளெல்லாம் தொட்டியைக் கிளறிக்கொண்டே பேசிப் பார்த்தது அத்தனையும் மைக்கைப் பார்த்ததும் பறந்துவிட்டது.

"எனக்கு லாண்டரிக் கடை," என்றாள். "நான் வரி கட்டமாட்டேன்னு சொல்ல வரலை. சோப்புக்குக் கட்டுறேன். கரிக்குக் கட்டுறேன். சும்மா ஒண்ணும் இல்லை. ஆனா ஒரு ஆள் கையால துவைச்சா வரி, மெஷின் துவைச்சா வரி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. என் கை என்ன தப்பு பண்ணுச்சு? அதைச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. நிதித்துறைக்காரர் பொறுமையாக விளக்கினார். இயந்திரக் கடையில் யாரும் வேலை செய்து தருவதில்லை, சட்டத்தில் அதைச் சேவை என்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

"சரிங்க. கிடங்கு? அதுல ஆள் வேலை செய்றாங்களே, அதுக்கு ஏன் விலக்கு?"

மெம்பர் மைக்கை இழுத்துக்கொண்டார். "அந்தக் கிடங்கு நூத்துக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்குது. வரி போட்டா வேற மாநிலத்துக்குப் போயிடும்."

"போகட்டும்னு நான் சொல்லலையே. நானும்தான் போவேன்னு சொல்லிப் பார்க்கவா? என் கொதிகலனைத் தூக்கிட்டு எங்க போறது?"

மறுபடி சிரிப்பு. மெம்பருக்கு முகம் சிவந்தது. முந்தின நாள் குடித்த நீராவியும் சேர்ந்துகொண்டதோ என்னவோ.

"அம்மா, நேராவே கேட்கிறேன். இந்த வரி இல்லைன்னா அந்தப் பிரிவு இல்லை. உங்க வீட்டுக்காரர் இந்த நிமிஷம் அங்கதானே படுத்திருக்கார்? மூடட்டுங்கிறீங்களா? ஆமா, இல்லை, ஒரு வார்த்தையில சொல்லுங்க."

சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நீராவி வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கேள்வியை அவகிட்டக் கேட்காதீங்க."

நர்ஸம்மா தன் இடத்தில் எழுந்து நின்றிருந்தாள்.

"உங்க முறை முடிஞ்சதும்மா, உட்காருங்க," என்றார் நிதித்துறைக்காரர்.

"உட்காரமாட்டேன். இவ ராத்திரி முழிச்சு அவனுக்குக் கால் பிடிச்சு விடுறவ. இவகிட்டப் போய் உன் புருஷன் சாகட்டுமான்னு கேட்கிறீங்களே, உங்களுக்கு எப்படி நாக்கு வருது? வரி வேணும்னு சொன்னது நான். என்னைக் கேளுங்க. நான் சொல்றேன். வரி போடுங்க. ஆனா யார் மேலன்னு நான் சொல்லலை. இவ மேல போட்டாத்தான் என் நோயாளி பிழைப்பான், கிடங்கு மேல போட்டாப் பிழைக்கமாட்டானா? அவன் ரத்தத்துக்கு அது தெரியுமா?"

மணியை அடித்தார்கள். பிறகு மைக்கை நிறுத்தினார்கள். நர்ஸம்மா கையில்தான் மைக்கே இல்லையே. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகியது. மழையை மீறிக்கொண்டு கேட்டது. அதற்குள் நீராவிக்கும் குரல் திரும்பிவிட்டது.

"நான் பதில் சொல்றேன்!" என்று கத்தினாள். "மூடக் கூடாது. என் கடையையும் மூடக் கூடாது. இதுவா அதுவான்னு என்னைக் கேட்காதீங்க. நான் ரெண்டையும் கேட்கிறேன். ரெண்டும் எனக்கு வேணும். முடியலைன்னா முடியலைன்னு நீங்க சொல்லுங்க, இவங்க எல்லாரும் கேட்கட்டும். என் வாயால சொல்ல வைக்காதீங்க!"

மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு மேசைக்காரர்கள் பின்வாசல் வழியாகப் போனார்கள்.

வெளியே இரண்டு பேருக்கும் ஒரு குடைதான் மிஞ்சியிருந்தது. நர்ஸம்மாவுடையதை யாரோ மாற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிவரை ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

"நான் இன்னும் வரி வேணும்னுதான் சொல்றேன்," என்றாள் நர்ஸம்மா.

"தெரியும் அண்ணி. நான் இன்னும் வேணாம்னுதான் சொல்றேன்."

"குடையை நேராப் பிடி. என் தோள் நனையுது."

வார்டில் மடிப்பு படுத்திருந்தார். ஊசியைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தாலும் கண்ணில் குறும்பு இருந்தது.

"ரேடியோ கம்முன்னு நின்னுபோச்சு. இங்க எல்லாரும் சத்தம் போட்டாங்க பாரு, ரத்தக் கொதிப்பு ஏறி ரெண்டு மெஷின்ல அலாரமே அடிச்சிருச்சு. டாக்டர் ஓடி வந்தார், என்னமோ ஏதோன்னு. என் பொண்டாட்டியும் அக்காவும் சண்டை போடுறாங்கன்னு சொன்னேன். யாரோடன்னு கேட்டார். இந்தத் தடவை ஒருத்தரோட ஒருத்தர் இல்லை டாக்டர்னு சொன்னேன்."

நீராவி அவர் நெற்றியைத் துடைக்கிற சாக்கில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மசோதா நிறைவேறியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: காசு மெஷின் கடையையும் பட்டியலில் சேர்த்தார்கள். அது நீராவி பேசியதால்தான் என்று முடிவெட்டுகிறவர் எல்லாரிடமும் சொன்னார். "எங்க அக்கா கேட்டது வரியைக் குறைக்கச் சொல்லி, அவங்க கூட்டிக் கொடுத்தாங்க" என்றும் அவரே சொன்னார். கிடங்கை யாரும் தொடவில்லை. டயாலிசிஸ் பிரிவு திறந்திருந்தது. கிழிந்த நாற்காலிகள் அப்படியே இருந்தன.

வாரத்துக்கு இரண்டு சட்டை போட்டவர்கள் ஒன்று போட்டார்கள். ஓட்டல்காரர் மேசைவிரிப்புகளை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார். நீராவி வரியை ஒழுங்காகக் கட்டினாள். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. "கட்டிட்டுக் கேட்கிறதுக்குத்தான் கட்டுறேன்," என்றாள்.

கடைகளுக்கு ஒரு உத்தரவு வந்தது. வரியையும் சேர்த்து ஒரே விலையாக எழுத வேண்டும், தனியாகக் காட்டக் கூடாது, மக்களுக்குக் குழப்பம் வரும் என்று. அதைப் படித்துக் காட்டியவள் நர்ஸம்மா. படித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "ஓஹோ" என்றார்கள். ஒரு பழைய கதவுப் பலகையை எடுத்து வெள்ளையடித்து வாசலில் மாட்டினார்கள். துவைக்க இவ்வளவு, அரசாங்கத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, கீழே இன்னொரு வாசகம்: "ஊருக்கு வெளியே இருக்கிற கிடங்கு கட்டும் வரி: ஒன்றுமில்லை."

வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனுஷர்.

"அம்மா, இதை எடுத்துடுங்க. ஒரே விலையாத்தான் எழுதணும்."

"இதுல எது பொய்?"

அவர் மேலிருந்து கீழே படித்தார். "பொய்னு நான் சொல்லலை."

"அப்ப இருக்கட்டும்."

"அபராதம் வரும்."

"போட்டுட்டுப் போங்க. அதையும் அது கீழே எழுதுறேன். இடம் இருக்கு."

தேய்த்துக்கொண்டிருந்த மடிப்பு, "கீழே நிறைய இடம் இருக்கு சார்," என்றார்.

அவர் அபராதம் போட்டார். நீராவி அதையும் எழுதினாள். அடுத்த வாரம் முடிவெட்டுகிறவர் கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. பிறகு செருப்பு தைக்கிறவர், கடிகாரக் கடைக்காரர் என்று தெரு நெடுகப் பலகைகள். அதிகாரி மறுபடி வந்தார். தெருமுனையில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். எந்தக் கடையில் முதலில் நுழைவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

மழை அப்போதும் விடவில்லை. சாரல் அடித்து லாண்டரிப் பலகையின் கடைசி வரியில் பெயின்ட் வழிந்திருந்தது. நீராவி முக்காலி போட்டு ஏறி எழுத்தின்மேல் எழுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு வலது கையால் முக்காலியைப் பிடித்திருந்தார். வேலைக்குக் கிளம்பிய நர்ஸம்மா குடையை மடக்கிவிட்டு எதிர்ச்சாரியில் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இன்னும் பெரிசா எழுது," என்றாள் அங்கிருந்தே. "பஸ்ல போறவங்களுக்குத் தெரியலை."